எழுத்தைப் பெரிதாகப் போட்டால் என்ன?

மாத்திரை அட்டையை யாருக்காக அச்சடிக்கிறார்கள்? இந்த நாட்டில் மாத்திரை அதிகம் விழுங்குகிறவர்கள் ஐம்பது, அறுபது, எழுபது வயதுக்காரர்கள். சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று. கையிலிருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர்களும் இவர்களேதான். மருந்து தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும், பளபளக்கிற அலுமினியத் தாளின் மேல், வெளிர்நீலத்திலோ வெளிர்ப்பச்சையிலோ, பொடிப்பொடியாக அடித்துத் தள்ளுகிறார்கள். காலாவதித் தேதிக்குப் பல அட்டைகளில் மைகூடக் கிடையாது. ஓரத்தில் அச்சு வைத்து அழுத்திவிடுகிறார்கள். விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் அது 6ஆ 8ஆ என்று பிடிபடும். கடையில் நாலு மாத்திரை மட்டும் கேட்டால் கத்தரியால் நறுக்கித் தருகிறார்கள். தேதி உள்ள ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது.

கண் சொட்டு மருந்து இதைவிட மோசம். பார்வை சரியில்லை என்றுதான் அதை வாங்குகிறோம். குப்பியோ கட்டைவிரல் உயரம். திறந்தபின் எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது அந்த மருந்தில் உயிரான செய்தி. அதைக் குப்பியைச் சுற்றிய லேபிளில், ஒட்டு விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், இருப்பதிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. எங்கள் வீட்டில் மாமியாருக்கு இன்சுலின் போடுவது என் வேலை. நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து இருக்கும். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. நூறு யூனிட் மருந்தை நாற்பது யூனிட் சிரிஞ்சில் அதே கோடு வரை ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆளே மயங்கிவிடலாம். இவ்வளவு பெரிய விஷயம் குப்பியின் மேல் உள்ள இரண்டு இலக்கத்திலும் மூன்று இலக்கத்திலும் அடங்கியிருக்கிறது. சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அதிகம். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறப் பட்டையாகத்தான் தெரிகின்றன. “கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஏத்து தாயி” என்று ஒவ்வொரு வேளையும் அத்தை சொல்வார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. தூரத்தில் வருகிற பேருந்தின் எண்ணை என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார். சிரிஞ்சின் கோடு அவருக்கும் தெரியாது. தூரத்துக்கென்று வைத்த லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பிடிபடாது. ஆபரேஷன் முடிந்தால் கண்ணாடியே வேண்டாம் என்று நம்பியிருந்தவருக்கு அதை முன்கூட்டி யாரும் விளக்கிச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஒரு சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி எத்தனை ஆயிரம் வீடுகளில் நிற்கிறார்கள் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பக்கத்தில் உள்ளது இப்படி மங்குவது எங்கோ ஒருவருக்கு வருகிற அபூர்வ நோயாக இருந்தால் இவ்வளவு ஆதங்கப்பட மாட்டேன். வெள்ளெழுத்து என்கிற இந்த மங்கல் எல்லோருக்கும் வரும். பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே இல்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை சிறுவயதில் இளக்கமாக இருக்கிறது. பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கும். வில்லையைப் பிடித்திருக்கும் நுண்ணிழைகள் தளரும். வில்லை சற்றே உருண்டு, பிம்பம் விழித்திரையில் சரியாக விழும். பத்து வயதுப் பிள்ளை புத்தகத்தை முகத்திலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தே படித்துவிடும். வயது ஏற ஏற, பழைய ரப்பர் பேண்டைப் போல வில்லை இறுகிப்போகிறது. நாற்பதுகளின் நடுவில் அந்தத் தூரம் முப்பது சென்டிமீட்டரை நெருங்குகிறது, ஐம்பதில் நாற்பது, அறுபதில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாத தூரம் அது.

காலையில் வாசல் வெயிலில் படிக்க முடிந்த செய்தித்தாள் ராத்திரி டியூப்லைட்டில் மங்கிப்போவதற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் அதிகமானால் கண்மணி சுருங்கும். சுருங்கினால் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதும் தெளிவாகத் தெரியும். இருட்டினால் அது விரிந்துவிடும், அந்தச் சலுகை போய்விடும். மைனஸ் பவர் கண்ணாடிக்காரர்களில் பலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறார்களே, அவர்களுக்கு வெள்ளெழுத்து வரவில்லை என்று அர்த்தமில்லை. அவர்களுடைய வில்லையும் இறுகத்தான் செய்கிறது.

நாற்பது வயதில் இது வரும், வந்தால் இதுதான் தீர்வு என்று இரண்டு வரி சொல்ல ஏன் யாருக்கும் வாய் வரவில்லை? வயதுக்கு வருவதைப் பற்றிப் பெண்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும் என்கிறோம், மாதவிடாய் நிற்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறோம். நல்லது. பிறந்த எல்லோருக்கும் வரப்போகிற இதைப் பற்றி மட்டும் ஊரே மௌனம். அதனால், வந்தவர்கள் அதைத் தங்கள் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். தலைவலி என்கிறார்கள், சத்துக் குறைவு என்கிறார்கள், செல்போன் பார்த்ததால் வந்தது என்கிறார்கள். கேரட்டும் பொன்னாங்கண்ணியும் உடம்புக்கு நல்லவைதான். இறுகிய வில்லையை அவற்றால் இளக்க முடியாது. கண்ணை உருட்டுகிற பயிற்சியாலும் முடியாது. ‘பதினைந்தே நாளில் கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்’ என்று காணொளி போடுகிறவர்களை நம்பி, வேலை செய்கிற கண்ணைச் சிரமப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடி விஷயத்தில் நம் ஜனங்களிடம் ஊறிப்போன பயம் ஒன்று உண்டு. “இப்பவே போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும், தள்ளிப்போடு” என்பார்கள். போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். நாற்பதுகளின் தொடக்கத்தில் ப்ளஸ் ஒன்று, நாற்பத்தைந்தை ஒட்டி ஒன்றரை, ஐம்பதில் இரண்டு, அறுபதில் இரண்டரை என்று பெரும்பாலோருக்கு வரும். பிறகு அனேகமாக அங்கேயே நின்றுவிடும். ஏற்றுவது வயது, கண்ணாடிமேல் பழி போடக் கூடாது. தள்ளிப்போட்ட வருடங்களில் மிச்சமானது ஒன்றுமில்லை. படிக்காமல் விட்ட புத்தகமும் தைக்காமல் விட்ட துணியும்தான் கணக்கில் சேரும்.

எங்கள் தெருவில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். ஜாக்கெட் தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஊசியில் நூல் கோக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தி, விரலால் முறுக்கி, ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் குத்துவார். நூல் காதுக்கு வெளியே வழுக்கிக்கொண்டு போகும். மறுபடி ஈரப்படுத்துவார். அப்புறம் தெருவில் போகிற பையனைக் கூப்பிடுவார்: “ஏய் தம்பி, இந்த நூலைக் கோத்துக் குடுத்துட்டுப் போடா, உனக்குப் புண்ணியமாப் போகும்.” பள்ளிக்கூட நாளில் தெருவில் பையன்கள் இருக்க மாட்டார்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையல் என்றால் ராத்திரியில் எடுப்பதே இல்லை. பின்னலும் எம்ப்ராய்டரியும் கேட்டு வருகிறவர்களை வேறு ஆளிடம் அனுப்பிவிடுகிறார். காசு அதில்தான் கூடுதல். “கண்ணாடி வாங்கிக்கோங்கக்கா” என்றால், “இப்பவே கண்ணாடி போட்டா, இவளுக்குக் கண்ணு தெரியல, தையல் கோணுதுன்னு சொல்லிருவாங்க கண்ணு” என்கிறார். தொழில் போய்விடும் என்ற பயத்தில், தொழிலைக் காப்பாற்றுகிற பொருளை அவர் ஒதுக்கிவைத்திருக்கிறார். இப்படி ஒரு பயத்தை அவர் மனதில் விதைத்தது நாம்தான்.

கை வேலை செய்து பிழைக்கிற எல்லோர் கதையும் இதுதான். மதுரையில் மல்லிகை கட்டுகிறவர், காஞ்சிபுரத்தில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறவர், நெல்லை, தென்காசிப் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர், கோவையில் நகைக்குப் பொடி வைத்து ஊதுகிறவர். பீடி சரியாக அமையாவிட்டால் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. வீட்டு வேலையைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் நீளும். அரிசியில் கல் பொறுக்குவதும், கீரையில் பூச்சி பார்ப்பதும், பேரப்பிள்ளைக்கு மீனில் முள் எடுப்பதும் ஓர் அடி தூரத்தில் நடக்கிற வேலைகள். சோற்றில் கல் கடிபட்டால், “என்னத்த பாத்து சமைச்ச?” என்று கேட்கிற வீடுகள் உண்டு. சமைத்தவளுக்குக் கல் தெரிந்ததா என்று அந்த வீடுகளில் ஒருவரும் கேட்டதில்லை.

கண்ணாடி போட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் ‘தி லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் எடை, போடாதவர்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் 30 சதவீதத்துக்கும் மேல். பங்களாதேஷ் கிராமங்களில் நடந்த இன்னோர் ஆய்வு 2024இல் வந்தது. அங்கே கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. கூலியைக் கூட்ட, உற்பத்தியைப் பெருக்க என்று எத்தனையோ திட்டம் போடுகிறோம். ஒரு ஜோடி சாதாரணக் கண்ணாடி செய்த வேலை இது.

இருந்தும், 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கை, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கிடைக்காமல் சிரமப்படுகிறவர்கள் உலகில் 82 கோடிக்கு மேல் என்கிறது. குவிவில்லைக் கண்ணாடி இத்தாலியில் வந்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முதன்முதலில் கண்ணாடி செய்ததே வயதானவர்கள் படிப்பதற்காகத்தான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தூரத்துக்கும் பக்கத்துக்குமான வில்லைகளை ஒரே சட்டத்தில் பைஃபோகலாகப் பொருத்தி 1780களிலேயே போட்டுக்கொண்டு நடந்தார். கோடு தெரியாத ப்ரோக்ரஸிவ் லென்ஸ் பிரான்ஸில் 1959இல் கடைக்கு வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் நம் தெரு அக்கா பையனைக் கூப்பிட்டு நூல் கோத்துக்கொண்டிருக்கிறார் என்றால் யாரை நோவது?

சரி, கண்ணாடி வாங்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு வேறு வகைத் தலைவலி காத்திருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் விலை கூடிய ப்ரோக்ரஸிவைத்தான் எடுத்து வைக்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு தூரத்தில் பார்க்கிறீர்கள் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். புத்தகம் நாற்பது சென்டிமீட்டரில் இருக்கிறது, கம்ப்யூட்டர் திரை அறுபது எழுபதில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பவர் சரிப்படாது. ப்ரோக்ரஸிவில் படிக்கிற பகுதி அடியில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். மாடிப்படி இறங்கும்போது அந்த அடிப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கும், கால் தடுமாறும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பார்த்து இறங்க வேண்டும், பழகுவதற்குச் சில வாரம் பிடிக்கும் என்று விற்கும்போதே சொல்லியிருந்தால், வாங்கியவர்கள் அதைப் பெட்டியில் போட்டு மூடியிருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி மூடிவைத்திருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தவரையில் சொல்கிறேன். தூரப் பார்வை நன்றாக இருந்து, படிக்க மட்டும் சிரமம் என்றால் சாதாரண ரீடிங் கண்ணாடி போதும். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு ரெடிமேடாகக் கிடைக்கிறது. இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இருந்தால் அதுவே நல்ல வேலை செய்யும். இரண்டும் வேறு வேறாக இருந்தாலோ சிலிண்டர் பவர் இருந்தாலோ அளவெடுத்துச் செய்துகொள்ள வேண்டும். மேசையிலும் திரையிலும் வேலை என்றால் அந்தத் தூரத்துக்கென்றே லென்ஸ் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். தூரத்துக்கும் பக்கத்துக்கும் மாறி மாறிப் பார்க்கிற ஆசிரியர், கடைக்காரர், கண்டக்டர் போன்றவர்களுக்கு பைஃபோகலோ ப்ரோக்ரஸிவோ வசதி. எதை வாங்கினாலும், வீட்டில் நீங்கள் வேலை செய்கிற தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். படிக்கிற இடத்தில் பின்பக்கமிருந்து நல்ல விளக்கு விழட்டும். போனில் எழுத்தைப் பெரிதாக்குகிற வசதி செட்டிங்ஸில் இருக்கிறது, பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

ரெடிமேட் கண்ணாடி போட்டாயிற்று, இனி கண் டாக்டரே வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நாற்பதுக்குமேல் கண் அழுத்த நோய் வலியே இல்லாமல் வரலாம். நரம்பைத் தின்ற பிறகுதான் தெரியும், போன பார்வை திரும்பாது. சர்க்கரை இருந்தால் விழித்திரையை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும். வெள்ளெழுத்துக்காகப் போகிற அந்த ஒரு நாளில் இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று சின்ன ஊர்களில்கூடப் பார்வை மையங்கள் வைத்திருக்கிறது. வழியில்லை என்று சொல்ல முடியாது.

சொட்டு மருந்து விட்டால் கண்ணாடி வேண்டாம் என்ற பேச்சும் அடிபட்டது. கண்மணியைச் சுருக்கி, கொஞ்ச நேரத்துக்குப் பக்கத்துப் பார்வையைத் தெளிவாக்குகிற பைலோகார்பின் மருந்துக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் 2024 ஆகஸ்டில் ஒன்றுக்கு அனுமதி தந்தார்கள். அதிகப்படியாக விளம்பரம் செய்ததற்காக அடுத்த மாதமே அதை நிறுத்திவைத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் மருந்துக் கடைகளில் போய்க் கேட்டார்கள்! அந்த மருந்தால் வில்லை இளகாது, அதன் பலன் சில மணி நேரம்தான் என்று விளம்பரம் செய்தவர்கள் அழுத்திச் சொல்லியிருந்தால் ஜனங்கள் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

மறுபடியும் அச்சுக்கு வருகிறேன். கண்ணாடி போடுவது என் கடமை, ஒத்துக்கொள்கிறேன். எழுத்தைப் படிக்கிற அளவில் போடுவது யார் கடமை? பொட்டலப் பொருள்களில் எழுத்து இத்தனை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று 2011ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. விதி சொல்கிற குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாக வைத்துக்கொள்கிறார்கள். பிராண்டின் பெயர் மட்டும் பாக்கெட்டின் பாதியை அடைத்துக்கொள்ளும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு எவ்வளவு என்பதைத் தடித்த, பெரிய எழுத்தில் போட வைக்கலாம் என்ற யோசனைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புதல் தந்தது. கடையில் நான் எடுக்கிற பிஸ்கட் பாக்கெட்டில் அந்தப் பெரிய எழுத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதிகம் விற்கிற 300 மருந்துகளின் மேல் க்யூஆர் குறியீடு கட்டாயம் என்று 2023 ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். போலி மருந்தைப் பிடிக்க அது உதவும். எழுபது வயதில் தனியாக இருக்கிற ஒருவர் மாத்திரையின் பெயரைப் படிக்க ஸ்மார்ட்போனை எடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும் என்றால் அது நியாயமா?

தமிழில் அச்சடிக்கிறேன் என்று வருகிறவர்கள் செய்கிற அநியாயம் தனி. ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய அதே உயரத்தில் தமிழைத் திணிக்கிறார்கள். நம் எழுத்தில் மேலே புள்ளி, கீழே வளைவு, பக்கத்தில் சுழி. சின்னதாக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி. அடுத்து ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும், ‘லி’யும் ‘லீ’யும் ஒன்றாகிவிடும். ஆங்கிலம் தெரியாதவர்கள்தான் அந்தத் தமிழை நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று போட்டதை அவர்களால் படிக்க முடியாமல் போட்டு என்ன பிரயோசனம்?

வங்கியில் நகைக்கடன் வாங்கப் போனேன். நான்கு பக்கத் தாளில் பென்சிலால் டிக் அடித்து, “இங்க, இங்க, இங்க கையெழுத்துப் போடுங்க மேடம்” என்று நீட்டினார்கள். வட்டி, அபராதம், ஏல நிபந்தனை எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான். “படிச்சுட்டுப் போடுறேங்க” என்றால் பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் பார்வை குறைந்தவர்களுக்காகப் பூதக்கண்ணாடி வைக்க வேண்டும், அது இருக்கிறது என்று கண்ணில் படுகிற இடத்தில் அறிவிப்பும் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2014லேயே சொல்லிவிட்டது. அந்தக் கிளையில் பூதக்கண்ணாடியும் இல்லை, அறிவிப்பும் இல்லை. கேட்டேன். அப்படி ஒரு உத்தரவு இருப்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. படிக்க முடியாததில் கையெழுத்து வாங்குவது நியாயமான ஒப்பந்தம் ஆகாது. அடுத்த முறை போகும்போது நீங்களும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் வைப்பார்கள்.

நான் கேட்பது நடக்காத காரியம் இல்லை. தெலங்கானாவில் 2018இல் ‘கண்டி வெலுகு’ என்ற திட்டத்தில் ஊர் ஊராக முகாம் போட்டு எல்லோருக்கும் கண் பார்த்து, படிக்கிற கண்ணாடியை அங்கேயே கையில் கொடுத்தார்கள். பங்களாதேஷில் பிராக் தொண்டு நிறுவனத்தின் கிராம சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சோதித்துக் கண்ணாடி தருகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் படத்தைக் காட்டி எந்தப் பவர் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. நம் தெருவுக்கே ஒரு பெண் தன்னார்வலர் பையோடு வந்து, ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளெழுத்து வயதில் இருப்பவர்கள். அந்தப் பையில் ப்ளஸ் ஒன்றிலிருந்து மூன்று வரை கண்ணாடிகளும் ஒரு எழுத்து அட்டையும் இருந்தால், கொடுத்த மாத்திரையைச் சரியாகப் பார்த்து விழுங்குவார்கள். நமது சுகாதாரத் துறைக்கு இதைச் செய்ய ஆளும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. செய்ய வேண்டும்.

அதுவரை நம் பங்குக்குச் செய்ய வேண்டியதை நாம் செய்யலாம். அம்மா செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கிறாரா, அப்பா மெனு கார்டை உங்களிடம் நீட்டி “நீயே சொல்லு” என்கிறாரா, வீட்டு வேலைக்கு வருகிற அக்கா கீரையை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் ஆய்கிறாரா, பாருங்கள். கேட்டால் “எல்லாம் தெரியுது” என்றுதான் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு நிற்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டையும் சிரிஞ்சும் வடிவமைக்கிற நிறுவனங்களில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். அச்சுக்கு அனுப்புமுன் அதை உங்கள் அம்மா கையில் கொடுத்து, கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு அனுப்புங்கள்.